மைக் அக்கா இல்லாத கண் முகாம்

மைக் அக்காவுக்கு,

நேத்து நம்ம சங்கத்தோட கண் முகாம். காலையிலேயே தலைவர் உங்களச் சொல்லி, "கோவிச்சுக்கிட்டுப் போனவ கூட்டத்துக்கே வரல. வாட்ஸ்அப் குரூப்ல இருந்து எடுத்துடு"ன்னாரு. "போன் ஹேங் ஆயிடுச்சு சார்"னு சமாளிச்சேன்.

நீங்க இல்லாம வரிசையே தூங்கி வழிஞ்சுது. முன்னெல்லாம் "தாத்தா களம் இறங்கிட்டாரு, கடைசி வரி எழுத்தையும் விடமாட்டாரு"ன்னு கிரிக்கெட் மாதிரி கமென்ட்ரி கொடுப்பீங்களே. மனசு கேக்காம என் போன்ல இருந்த உங்க பழைய கமென்ட்ரி வீடியோவ ஸ்பீக்கர்ல போட்டேன். சொட்டு மருந்து விட்டுக் கண்ண மூடியிருந்தவங்ககூட சிரிச்சாங்க.

தலைவர் நாற்காலிய ஸ்பீக்கர்கிட்ட இழுத்துப் போட்டு முழுசா கேட்டாரு. அப்புறம் என் கையப் பார்த்து, "இந்த போன்தானே ஹேங் ஆச்சு?"ன்னாரு.

சட்டுனு போனப் பைக்குள்ள போட்டேன்.

"அவ வர்ற வரைக்கும் ஹேங்காவே இருக்கட்டும்"னாரு.

சீக்கிரம் வாங்கக்கா, போன் பாவம்.

உங்க முதல் ரசிகன்