தொப்பியைக் கழற்றி நின்றவர்கள்

ஸ்வீட்வாட்டர் ஆற்றங்கரை, வயோமிங்
மே 19, 2003

அன்பு மகள் ஜனீனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். பாய்சியில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் இரவும் முழங்காலிட்டுக் கேட்டுக்கொள்கிறோம். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று நீ முனகுவது இங்கேவரை கேட்கிறது. முனகினால் முனகிக்கொள்.

வந்து ஒரு மாதம் ஆகிறது. எங்களைப் போன்ற வயதான ஊழியத் தம்பதிகள் எல்லோருக்கும் ஆற்றோரமாக டிரெய்லர் வீடுகள் கொடுத்திருக்கிறார்கள். காற்று ஓயவே மாட்டேன் என்கிறது. துணி உலர்த்தினால் அடுத்த டிரெய்லர் சிஸ்டரிடம்தான் போய்க் கேட்டு வாங்க வேண்டும். அப்பாவுக்குக் கைவண்டிச் சக்கரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. சபைப் பிள்ளைகள் கூட்டமாக வரும் நாட்களில் இருவரும் அவர்களோடு நடக்கிறோம். நீளப் பாவாடையும் துணித் தொப்பியுமாகப் பெண்பிள்ளைகள் வருகிறார்கள். ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் முன்பு நம் சபை முன்னோர்கள் கைவண்டி இழுத்து மேற்கே வந்து பனியில் மாட்டிக்கொண்ட அதே பாதையில் மூன்று நாள் இழுக்கிறார்கள். முதல் நாள் மத்தியானமே கைபேசியைத் தேடி அழுகிற பிள்ளைகளும் உண்டு.

நேற்று ஒரு வாண்டு அப்பாவிடம், "தாத்தா, நீங்க அந்தக் கூட்டத்தோட வந்தவரா?" என்று கேட்டாள். "இல்லம்மா, நான் அதுக்கு முந்தின கூட்டம்" என்றார். அவள் நம்பிவிட்டாள்.

நாங்கள் எதற்காக இங்கே வந்தோம் என்பது உனக்குத் தெரியும். ஊழியத்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் எவ்வளவு தூரம் விலகிப் போயிருந்தாலும் ஆண்டவர் திருப்பிக் கொண்டுவருவார் என்று பிஷப் எங்கள் தலையில் கைவைத்துச் சொன்னார். நீ சபையைவிட்டுப் போன இந்த ஆறு வருடத்தில் எனக்கு ஆறுதலாக இருந்த வார்த்தை அது ஒன்றுதான். கோபித்துக்கொள்ளாதே. ஒரு வரியாவது எழுது. இங்கே போன் சிக்னல் கிடைப்பதில்லை.

உன் அம்மா,
லாரே


பாய்சி, ஐடஹோ
ஜூன் 4, 2003

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அப்பாவின் "முந்தின கூட்டம்" பதிலை வார்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா, நான் இதய நோயாளிகளின் வார்டில் வேலை பார்ப்பவள். அப்பாவின் வால்வு சரியில்லை என்று டாக்டர் சொன்னபோது நானும் அந்த அறையில் இருந்தேன். அவ்வளவு உயரத்தில், அந்தக் காற்றில், வண்டியோடு அவர் நடப்பது எனக்குத் தாங்கவில்லை. இன்று ராத்திரி அவர் சாக்ஸைக் கழற்றும்போது பார். கணுக்காலில் சாக்ஸின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தால் அவருக்கு உடம்பு நன்றாக இல்லை என்று அர்த்தம். ஒரு தலையணை போதாமல் இரண்டு வைத்துக்கொள்கிறாரா என்றும் பார்.

என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று அவரை அங்கே கூட்டிப்போயிருக்கிறாய். நான் தொலைந்துபோகவில்லை அம்மா. எனக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, முற்றத்தில் தக்காளி வைத்திருக்கிறேன். தயவுசெய்து அப்பாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. என் மேல் அக்கறை இருந்தால் இதை மட்டும் செய்.

ஜனீன்


ஸ்வீட்வாட்டர் ஆற்றங்கரை
ஜூன் 23, 2003

அன்பு மகளே,

கால் பார்த்தேன். கொஞ்சம் வீக்கம் இருக்கிறது. "பூட்ஸ் இறுக்கம், அவ்வளவுதான். அவளுக்கு ஊர்ல இருக்கற எல்லாரும் நோயாளிதான்" என்கிறார். அக்டோபரோடு எங்கள் ஊழியம் முடிகிறது. ஒத்துக்கொண்டு வந்த காரியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆண்டவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, நம் பங்கில் குறை வைப்பது எப்படி? அக்டோபர் முடிந்த மறுநாளே நீ சொல்லும் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். சத்தியம்.

இங்கே மூன்றாம் நாள் ஒரு வழக்கம் இருக்கிறது. ஏற்றம் வருகிற இடத்தில் ஆண்களையெல்லாம் பிரித்து மேலே அனுப்பிவிடுவார்கள். அந்தக் காலத்தில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் தனியாக வண்டி இழுத்தார்களே, அந்த நினைவுக்காக. பெண்பிள்ளைகள் மட்டும் மணலில் இழுத்துக்கொண்டு ஏறுவோம். ஆண்கள் பாதையின் இரு பக்கமும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து நிற்பார்கள். யாரும் பேசக் கூடாது, கை கொடுக்கக் கூடாது. பெண்கள் நிற்கவோ திரும்பிப் பார்க்கவோ கூடாது. முதல் தடவை நான் விக்கி விக்கி அழுதுவிட்டேன்.

அன்று அப்பா சொன்னார்: "நாள் பூரா சக்கரத்த மாட்டச் சொல்லு, மாட்டறேன். நீ மூச்சு வாங்க இழுத்துட்டுப் போறத சும்மா நின்னு பாருன்னு சொல்றாங்க பாரு, அதான் என்னால முடியல."

அவருக்கும் நீ எழுது. எனக்கு எழுதிய கடிதத்தின் ஓரத்தில் "அப்பாவைக் கேட்டதாகச் சொல்" என்றுகூட நீ எழுதவில்லை. தேடிப் பார்த்தார்.

உன் அம்மா


ஸ்வீட்வாட்டர் ஆற்றங்கரை
ஜூலை 29, 2003

ஜனீன்,

நம் ஊர் டெல்டாவில் அப்பாவின் அடக்கம் முடிந்து, சபை மண்டபத்துச் சமையலறையில் துக்கச் சாப்பாட்டு உருளைக்கிழங்குத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் கேட்டாய்: "எல்லாரும் அப்பா ஜெபத்துல இருக்கும்போது போனார்னு சொல்றாங்களே, நீ எங்கே இருந்தே?" நான் ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் யாரோ வந்துவிட்டார்கள். நீயும் பாய்சிக்குக் கிளம்பிப் போய்விட்டாய். நானும் அந்த வீட்டில் தனியாக இருக்க முடியாமல் இங்கேயே திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். அன்றைக்குப் பெண்கள் மட்டும் இழுக்கும் நேரம். நான் ஒரு வண்டியின் பின்னால் கைவைத்துத் தள்ளிக்கொண்டு ஏறினேன். பாதி ஏற்றத்தில் அப்பா தெரிந்தார். தொப்பி கையில் இருந்தது. நான் பார்க்கும்போதே மெதுவாக ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றினார், பிறகு மற்றதையும். தலை குனிந்தது. எங்களுக்காக ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? அந்த இடத்தில் ஆண்கள் அப்படிச் செய்வது உண்டு. பக்கத்தில் நின்ற இளைஞர் அவரைப் பார்த்துத் தானும் முழங்காலிட்டார். அவருக்கு அடுத்தவரும், அதற்கு அடுத்தவரும். ஒரு வரிசையே மண்ணில் இறங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது, ஜனீன். என் புருஷன் ஆரம்பித்து வைத்தார் என்று பெருமை. கையை நீட்டியிருந்தால் அவர் தோள் எட்டியிருக்கும். நான் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்த பிறகு ஆண்கள் எழுந்து வந்தபோது அவரை மட்டும் காணவில்லை. நாங்கள் கீழே ஓடினோம். நெற்றி மண்ணில் இருந்தது.

எல்லோரும் பாக்கியமான சாவு என்கிறார்கள். நீயாவது அப்படிச் சொல்லமாட்டாய் என்று தெரிந்துதான் உனக்கு எழுதுகிறேன்.

அம்மா


பாய்சி
ஆகஸ்ட் 8, 2003

அம்மா,

நான்கு நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் கடைசியில் அப்பா ராலின்ஸ் ஊரிலிருந்து எனக்குப் போன் செய்தார். நீ மளிகைக் கடைக்குள் இருந்தாயாம். ஆறு வருடத்தில் முதல் முறையாக அவராகவே பேசினார். "இப்பல்லாம் உக்காந்துட்டேதான் தூங்கறேன், செல்லம். வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கு" என்றார். "வாங்கப்பா, நான் கார் எடுத்துட்டு வரேன்" என்றேன். "வேணாம். உங்கம்மா உனக்காகத்தான் அங்க இருக்கா. நான் முடியாதுன்னு சொன்னா, உன்ன விட்டுக்குடுத்த மாதிரி நினைச்சுக்குவா. அவகிட்ட சொல்லாதே." நான் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அதற்காக என்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

நீ எனக்காக அங்கே இருந்தாய். அவர் உனக்காக அங்கே இருந்தார். நான் உங்கள் இருவரையும் வாருங்கள், வாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். யாருக்காக அம்மா அவர் செத்தார்?

ஒரு மனிதன் மயங்கி விழுவதை ஒரு வரிசை ஆண்கள் பார்த்துக்கொண்டு கண்ணை மூடினார்கள். என் வார்டில் நடந்திருந்தால் யாராவது தோளைப் பிடித்து உலுக்கியிருப்போம். உன்னை வெறுக்கக் கூடாது என்று ரொம்பப் பாடுபடுகிறேன். கொஞ்ச நாள் எழுதாதே.

ஜனீன்


ஸ்வீட்வாட்டர் ஆற்றங்கரை
செப்டம்பர் 2, 2003

ஜனீனுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

அவர் உன்னைக் கூப்பிட்டுப் பேசினார் என்பது எனக்குச் சந்தோஷம். அவர் என்னிடம் சொல்லவில்லை என்பதை இன்னும் விழுங்க முடியவில்லை. ஆனால் சொல்லியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். "அக்டோபர்" என்றிருப்பேன்.

போன வாரம் ஒரு கூட்டம் வந்தது. பெண்கள் இழுக்கும்போது நான் அவர்களோடு போகவில்லை. ஆண்கள் வரிசைக்குப் போனேன். முழங்காலிட்ட ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, "பிரதர், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். ஒருவர் கண்ணைத் திறந்து, "ஜெபம் பண்ணிட்டிருக்கேன் சிஸ்டர்" என்றார் கொஞ்சம் கோபமாக. "தெரியுது. இருந்தாலும் வாயத் திறந்து சொல்லுங்க" என்றேன். சொன்னார். மாலையில் இங்கே பொறுப்பிலிருக்கும் எல்டர் ஹோக் என்னைக் கூப்பிட்டு, அந்த அமைதிதான் பிள்ளைகளின் மனதைத் தொடுகிறது, அதைக் கலைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். நல்ல மனிதர். நான் பொட்டியைக் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை டெல்டாவுக்குக் கிளம்புகிறேன்.

மறுமையில் நீ எங்களோடு இருக்கமாட்டாயோ என்று பயந்து பயந்து, இந்த உலகத்தில் உங்கள் இருவரையும் விட்டுவிட்டேன். உன்னைத் திருப்பித் தா என்று ஆண்டவரிடம் இனிக் கேட்கப்போவதில்லை. நீ எங்கேயும் போகவில்லை. பாய்சியில்தான் இருந்தாய்.

உனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. அன்றைக்குச் சபை இருக்கிறது என்று ஆறு வருடமாக உன் வீட்டுக்கு நான் வந்ததில்லை. இப்போது கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

அம்மா


பாய்சி
செப்டம்பர் 11, 2003

அம்மா,

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று நீ எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இதைக் கேட்க நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் இப்போது வராதே. உன் கார் என் வாசலில் வந்து நின்றால், அதன் ஒரு பக்கக் கதவு மட்டும்தான் திறக்கும். அப்பா பக்கத்துக் கதவும் திறக்கட்டும் என்று நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அதைத் தாங்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

ஜனீன்