ஐந்து வகுப்புக்கு ஒரே மண்டபம்

அனுப்புநர்:
சி. மாடசாமி,
தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி,
7ஆம் லயம், கீழ்ப்பிரிவு,
மேட்டுமலைத் தோட்டம், மடுல்சீமை.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்விக் காரியாலயம்.

விடயம்: தோட்டப் பாடசாலை மண்டபத்தில் கழற்றப்பட்ட பலகைத் தடுப்பை மீண்டும் பொருத்த அனுமதி கோரல் (மூன்றாம் முறை)

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விடயமாக ஜூலையிலும் செப்டெம்பரிலும் எழுதினேன். பதில் இல்லை. ஆகவே இம்முறை விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

1. எங்கள் பாடசாலையில் ஐந்து வகுப்புகளும் ஒரே மண்டபத்தில் நடக்கின்றன. இடையில் சுவர் கிடையாது. ஒரு பக்கம் வாய்பாடு, ஒரு பக்கம் தேவாரம், ஒரு பக்கம் கூட்டாக வாசிப்பு. என் மகள் யசோதினி மூன்றாம் தரம். நட்டநடுவில் இருக்கிறாள்.

2. சொல்வதெழுதலில் அவள் பாதியை வெறுமையாக விடுகிறாள். காது மந்தம் என்றார் பாடசாலை அதிபர். வேலைக்குப் போகாமல், இரண்டு பஸ் மாறி, பதுளைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கதவடைத்த அறையில் வைத்துச் சோதித்து, காது நன்றாக இருக்கிறது என்று எழுதித் தந்தார்கள். அந்தத் துண்டைக் கொடுத்ததும், அப்படியானால் மூளைதான் மந்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

3. மகளிடமே கேட்டேன். "டீச்சர் பேசுறது நல்லா கேக்குதுப்பா. மத்த டீச்சருங்க பேசுறதும் அதே மாதிரிதான் கேக்குது. எத எழுதுறதுன்னு தெரியல" என்றாள். நான் நம்புகிறேன். பதினாறு வருடமாக அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். மெஷின் இரைச்சலுக்குள் ஆள் பேசுவது எனக்கு விளங்கும். பத்துப் பேர் பேசும்போது ஒருவர் பேச்சை மட்டும் பிரித்தெடுப்பது வேறு. அது எல்லாருக்கும் வராது.

4. பெற்றோர் ஏழு பேர் சேர்ந்து, தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டு, தொழிற்சாலையில் சும்மா கிடந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளால் மூன்றாம் தரத்துக்கு இரு பக்கமும் தடுப்பு அடித்தோம். அது மூன்று கிழமை நின்றது. அந்த மூன்று கிழமையும் யசோதினி இருபதுக்குப் பதினேழுக்குக் கீழே எடுக்கவில்லை. கொப்பி என்னிடம் இருக்கிறது.

5. பிறகு மேற்பார்வைக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அனுமதியில்லாத வேலை என்று பயந்து அதிபர் தடுப்பைக் கழற்றிச் சாமான் அறையில் போட்டார். யார் வந்தாலும் எங்கள் பாடசாலையில் ஒரு வழக்கம் உண்டு: அதிகாரி நிற்கிற வகுப்பைத் தவிர மற்ற எல்லாப் பிள்ளைகளும் வாயில் விரல் வைத்து உட்கார வேண்டும். அந்த அமைதியில் அதிகாரி கேட்டதற்கெல்லாம் என் மகள் கணீரென்று பதில் சொன்னாள். அவரும் சந்தோஷப்பட்டு, மண்டபம் அமைதியாக உள்ளது, வகுப்புகளுக்கு இடையில் தடுப்பு அவசியமில்லை என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். மறுநாள் காலையே பழைய சந்தைக் கூச்சல்.

6. வருகிற ஜனவரியில் அவளை மறுபடியும் மூன்றாம் தரத்திலேயே இருத்தப் போவதாகப் போன கிழமை கடிதம் வந்தது. தான் மக்கு என்று இப்போது அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே, தடுப்பைத் திரும்ப அடிக்க எழுத்தில் அனுமதி தந்து, மகளை நான்காம் தரத்துக்கு ஏற்றும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். பலகை இருக்கிறது, ஆணி இருக்கிறது, அடிக்க ஆளும் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால், தயவுசெய்து முன்னறிவித்தல் இல்லாமல் ஒரு நாள் வாருங்கள். மூன்றாம் தரத்தின் கடைசி வாங்கில் என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆசிரியை சொல்வதைத் தாங்களும் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். தங்கள் கொப்பியில் பிழை இல்லையென்றால், அவளை இன்னொரு வருடம் இருத்துவதற்கு நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
சி. மாடசாமி
(கையொப்பம்)

இடம்: மடுல்சீமை
திகதி: 12.11.2001