யாரும் பேச்சை மாற்றவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமா? கடல்காற்று தொடங்கியிருக்குமே, அப்பாவின் முழங்கால் எப்படி? எனக்கு இந்த வாரம் ஒரே கொண்டாட்டம், கொடி ஏற்றாததுதான் பாக்கி!

நம் வட ஜெர்மன் கடற்கரையை விட்டு இந்தச் சுவிஸ் மலை ஆஸ்பத்திரிக்கு நான் நர்ஸாக வந்து மூன்று வருடம். இன்னமும் நான் நுழைந்தாலே எல்லோரும் தங்கள் ஊர் மலைப்பேச்சை விட்டு, புத்தகத்தில் இருக்கும் பள்ளிக்கூட ஜெர்மனுக்கு மாறிவிடுவார்கள், விருந்தாளிக்கு நாற்காலி துடைத்துப் போடுவதுபோல.

செவ்வாய்க்கிழமை ஓடிலோ என்ற மாட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலியில் அவருக்குப் பள்ளிக்கூடப் பேச்சு வரவில்லை. நம் நாட்டு ஹனோவரிலிருந்து வந்திருக்கும் புது டாக்டருக்கோ மலைப்பேச்சு புரியவில்லை. “என்ன சாப்பிட்டீங்க?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரிந்தது அம்மா, ஒரு சொல் விடாமல்!

“சாப்பாடு இல்ல டாக்டர். நேத்து மாடு இடது விலாவுல முட்டியிருக்கு. வலி தோள்பட்டை வரைக்கும் இழுக்குதாம்,” என்றேன்.

டாக்டரின் முகம் மாறியது. மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. அரை மணியில் ஆபரேஷன், ஆள் பிழைத்துவிட்டார்.

மறுநாள் கண் விழித்தவர் மலைப்பேச்சிலேயே, “ஏ வடக்கத்திப் புள்ள, இத்தன நாளா எங்க வம்பையெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்த?” என்றார்.

“போச்சு, இனிமே இவ முன்னாடி யாரையும் திட்ட முடியாது!” என்று தலைமை நர்ஸ் ரோஸ்மரி சிரித்தாள். அவளும் பள்ளிக்கூட ஜெர்மனுக்குப் பேச்சை மாற்றவில்லை!

நம் தேயிலையும் அதில் போடும் பெரிய கற்கண்டும் அனுப்புங்கள். இங்குள்ள தேநீரை வாயில் வைக்க முடியவில்லை. இன்னொன்று. அப்பாவிடம் நம் கடலோரப் பேச்சில் பேசும் நீங்கள், நான் படித்துத் தேற வேண்டுமென்று என்னிடம் மட்டும் பள்ளிக்கூட ஜெர்மனே பேசினீர்கள். அந்த விதத்தில் நம் வீட்டிலும் நான் விருந்தாளிதான்.

வார்டில் மணி அடிக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். எனக்கு நாற்காலி துடைக்காதீர்கள், அம்மா.

உங்கள் வீப்கே