சமையலறை ஆணியில் இல்லாத சிவப்புக் கயிறு

அன்பு மகள் ஹில்லெவிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பெர்த்தில் இப்போது கடலில் குளிக்கிற வெயிலாமே, இங்கே ஏரி ஓரத்தில் முதல் பனிக்கட்டி பிடித்துவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு நடக்கிறது. அப்பாவும் சுகம் என்று போனில் சொன்னேனே, அது பாதிதான் உண்மை. போனில் பேசினால் பக்கத்திலேயே வந்து நின்று காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

உமியோ பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு இதய வால்வு மாற்றுவதற்கு நவம்பரில் தேதி கொடுத்துவிட்டார்கள். அது வந்ததிலிருந்து மனுஷன் ஒரு மாதிரியாகிவிட்டார். எதிர்வீட்டு எவர்ட் கடமான் கறி கொண்டுவந்து கொடுத்தான், நான் மணிக்கணக்காக வேகவைத்தேன், பேருக்கு ஒரு துண்டு தின்றுவிட்டு எழுந்துவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஊரில் எல்லோருடைய படகும் கரையேறி, நம்முடையது மட்டும் மோட்டாரோடு தண்ணீரில் ஆடிக்கொண்டு நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. செப்டம்பர் முடிவதற்குள் மோட்டாரைக் கழற்றித் துடைத்து வைக்காவிட்டால் தூக்கம் வராத ஆள். கேட்டால், "விடு குன்வோர், வசந்தத்துல அதைக் கிளப்ப யாரு இருக்கப் போறா" என்கிறார். எனக்கு வந்ததே கோபம். உள்ளே தண்ணீர் தங்கி உறைந்தால் இரும்பே பிளந்துவிடும் என்று என் தலையில் முப்பது வருஷமாக ஓதியவர் இவர்தானே. "நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், நானே செய்யறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு எவர்ட்டைக் கூப்பிட்டேன். அவன் மோட்டாரைக் கழற்றி, தள்ளுவண்டியில் வைத்து, விறகுக் கொட்டகை வாசல் வரை கொண்டுவந்தான். அப்பா வாசல் நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, எங்களைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, பழைய மெத்தை விரித்து அதைக் குழந்தை மாதிரி படுக்கவைக்கப் போனேன். "ஐயோ, படுக்கப் போடாதே! அடியில இருக்கிற தண்ணி பூரா தலைக்கு ஏறிடும், நிக்க வை, நிக்க வை!" என்று ஒரு சத்தம் பார், பக்கத்து மரத்துக் காக்காயெல்லாம் பறந்துவிட்டது. அப்பாடா, வாய் திறந்ததே என்று நினைத்துக்கொண்டேன். தாங்கியில் நிமிர்த்தி மாட்டி, அடிப்பாகம் மூழ்கும்படி பீப்பாயில் தண்ணீர் நிரப்பினோம். ஒரு தடவை ஓடவிட்டு, உள்ளே எண்ணெய் அடித்து, அதன் பிறகுதானே அணைக்க வேண்டும். சிவப்புக் கயிற்றை எடுக்கப் போனால் சமையலறை ஆணியில் அது இல்லை. உனக்கு நினைவிருக்கும், அதை மணிக்கட்டில் மாட்டாமல் மோட்டாரைத் தொடவே விடமாட்டாரே. ஆள் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரில் செருகிய மறுமுனை பிடுங்கிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும், கயிறு இல்லாவிட்டால் கிளம்பவே கிளம்பாது. ஊரில் எல்லோரும் அதற்குச் சொல்கிற பெயர் செத்தவன் பிடி. தேதி வந்ததிலிருந்து அந்தப் பெயரை நான் வாயில் எடுப்பதில்லை.

எங்கே என்று கேட்டால் அப்பா ஏரியைப் பார்க்கிறார். கடைசியில் எவர்ட் முகம் சிவந்து தன் கோட்டுப் பையிலிருந்து எடுத்தான். "நான் வேணாம்னுதான் சொன்னேன் குன்வோர். மோட்டாரு உனக்குத்தான்டான்னு கையில திணிச்சிட்டுப் போயிட்டான்" என்றான். பார்த்தாயா, ஹில்லெவி. உயிரோடு இருக்கும்போதே பங்கு பிரிக்கிறாரே. நானும் விடவில்லை. "என்னை எந்த வீட்டுக்குக் குடுத்திருக்கே, அதையும் சொல்லிடு, பெட்டி கட்டணும்" என்று கத்தினேன், அழுதும்விட்டேன். எவர்ட் திரும்பி நின்று விறகை எண்ணுகிற மாதிரி பாவனை செய்தான். அப்பா கம்பளியோடு எழுந்து வந்து, கயிற்றைத் தானே மாட்டினார். பலமாக எதையும் இழுக்கக் கூடாது என்று டாக்டர் அவருக்குச் சொல்லியிருப்பதால், மோட்டாரைக் கிளப்புகிற இழுப்புக் கயிற்றை மட்டும் எவர்ட் இழுத்தான்.

மோட்டார் கிளம்பியது, பெட்ரோல் குழாயைக் கழற்றச் சொன்னார், மிச்சப் பெட்ரோல் தீருவதற்குள் காற்றுப் போகிற வாயில் நான் எண்ணெய் அடித்தேன், கொட்டகை முழுக்கப் புகை. இருமி இருமி அது நின்றது. பிறகு அடியில் கியர் ஆயில் திருகாணியைக் கழற்றினேன், சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. "மேல இருக்கிறதையும் கழட்டு, காத்து போனாத்தானே எண்ணெய் இறங்கும்" என்றார். கழற்றினால், கறுப்பாக வர வேண்டியது பால் விட்ட காப்பி மாதிரி வந்தது. அப்பா விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையம், அந்த ஆயில் சீல், போய்விட்டதாம். அப்படியே விட்டிருந்தால் இந்தக் குளிரில் அடிப்பாகமே வெடித்திருக்கும். எவர்ட் உடனே, பட்டணத்துக் கடையில் கொடுத்து மாற்றிவிடலாம் என்றான். அதற்கு உன் அப்பா, "கடைக்காரன் கையில எல்லாம் குடுக்காதே, அவன் சுத்தியலால அடிப்பான். நான் திரும்பி வந்து மாத்திக்கிறேன்" என்றார். சொன்னது அவருக்கே தெரியவில்லை. எனக்குக் கேட்டது. நான் குனிந்து புது எண்ணெயை ஏற்றிக்கொண்டிருந்தேன், நிமிரவே இல்லை.

இப்போது மோட்டார் கொட்டகையில் நின்றுகொண்டிருக்கிறது, மேலே உன் பழைய போர்வையைப் போட்டிருக்கிறேன். எலி கடித்தால் என்னைத் திட்டாதே.

நீ ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணும்போது நெஞ்சு எப்படி, வலி எப்படி என்று கேட்டு அவரைப் படுக்கவைத்துவிடாதே. சீல் என்ன அளவு, எங்கே வாங்குவது என்று கேள், மணிக்கணக்கில் பேசுவார். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, மிதக்கும் சட்டை போடாமல் யார் படகிலும் ஏறாதே.

இன்று அவருடைய பெட்டியை அடுக்கினேன். சவரச் சாமான் பைக்குள் சிவப்புக் கயிறு சுருட்டி வைத்திருக்கிறது. எவர்ட்டிடமும் கொடுக்கவில்லை, ஆணியிலும் மாட்டவில்லை, தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறார். அவர் திரும்பி வராமல் அந்த மோட்டாரை இனி ஒருவராலும் கிளப்ப முடியாது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, பையை அப்படியே மூடி, மேலே கம்பளிக் காலுறைகளை வைத்தேன்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். அப்பாவின் அன்பையும் சேர்த்தே எழுதுகிறேன், அவரைக் கேட்கவில்லை.

உன் அம்மா,
குன்வோர்