கூண்டில் விரித்த பேப்பர்

பண்டமாரான்
4 ஜூலை 2025, வெள்ளி இரவு

அன்புள்ள செசிலியா அக்காவுக்கு,

படித்து முடித்ததும் இதைக் கிழித்துவிடு. கிளினிக் குப்பைத் தொட்டியில் போடாதே. நாகையா அங்கிள் கண்ணில் படக் கூடாது.

நீ இருக்கும் இடம் இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. நீ போன பிறகு இங்கே குடிவந்த அவர் சனிக்கிழமைகளில் தெருப் பூனைகளை வேனில் ஏற்றி பிரிக்பீல்ட்ஸ் மிருக கிளினிக்குக்குக் கருத்தடை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறார். “அங்க கவுண்டர்ல உன் முகஜாடையிலயே ஒரு பொண்ணு உக்காந்திருக்கு லா, பேரு செசிலியா,” என்றார். நீதான் என்று உடனே தெரிந்துவிட்டது.

நீ முகுந்தன் அண்ணனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போன மறுநாளே அப்பா என் கைப்பேசியை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். “அவ பேர இந்த வீட்ல யார் சொன்னாலும், அவ போன வழியிலயே போயிரலாம்,” என்றார். அம்மாவும் நானும் இன்று வரை சொல்லவில்லை. நாகையா அங்கிள் அப்பாவோடு தே தாரிக் குடிப்பவர். அவர் கையில் கடிதம் கொடுக்கப் பயமாக இருக்கிறது. அதனால் பூனைக் கூண்டில் விரித்த பேப்பருக்கு அடியில் வைத்திருக்கிறேன். பதிலையும் அப்படியே வை.

நம் அடுக்குமாடி புளோக்கின் கீழே ஆறு பூனைகள் இருக்கின்றன. குட்டி போட்டுப் பெருகுகின்றன என்று குடியிருப்போர் குழுக் கூட்டத்தில் பூனை பிடிக்கும் கவுன்சில் லோரியை வரச் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் 11ஆம் தேதி வருகிறது. இப்போது குழுத் தலைவர் அப்பாதான். தங்கமணி ஆன்டி ஒரே ஆளாக எழுந்து நின்று சண்டை போட்டார். “குட்டி போடறதுதானே உங்களுக்குப் பிரச்சன, ரபேல்? ஆபரேஷன் செஞ்சுட்டா?” கடைசியில் அப்பா ஒத்துக்கொண்டார். அதற்குள் ஆபரேஷன் முடிந்து, அடையாளமாகக் காது நுனி வெட்டிய பூனைகள் இங்கேயே இருக்கலாம். மற்றவை லோரியில் போகும். “ஆனா குழு ஒரு காசு தராது,” என்றார். வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்து, “நீ பூனை பின்னால சுத்தற வேல வச்சுக்காத,” என்றார்.

கூண்டு தங்கமணி ஆன்டியுடையது. காசு சேர்ப்பது நான். அது அப்பாவுக்குத் தெரியாது.

இந்த மஞ்சள் கடுவனை நன்றாகப் பார்த்துக்கொள். கத்தும், கடிக்காது.

உன்
விவியன்


பிரிக்பீல்ட்ஸ்
5 ஜூலை 2025

என் விவியன் குட்டிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கழிவறைக்குள் போய் நின்று அழுதேன். இரண்டு முறை படித்த பிறகுதான் கிழித்தேன்.

கடிதத்தில் பாதி பூனை மூத்திரத்தில் ஊறிப்போயிருந்தது. பேப்பரை இப்படிக் கசக்கிப் போட்டால் எப்படி? சின்ன வயதில் நம் முயல் கூண்டுக்கு அப்பா எப்படி விரிப்பார் என்று ஞாபகம் இருக்கிறதா? நாலு மூலையையும் கடித உறை மாதிரி மடித்து உள்ளே சொருகுவார். துறைமுகத்தில் பெட்டி கட்டிப் பழகிய கை. அப்படி மடித்தால் ஒரு சொட்டுக் கீழே இறங்காது.

டாக்டரிடம் பேசினேன். தெருப் பூனைக்கு எண்பது வெள்ளி போதுமாம். கவுண்டரில் ஒரு மைலோ டின்னை வைத்து, பண்டமாரான் பூனைகளுக்கு என்று எழுதி ஒட்டிவிட்டேன். நாய்க்கு ஊசி போட வருகிறவர்கள் சில்லறை போடுகிறார்கள். மீதியை நீ பார்.

அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரி எழுத உனக்குத் தோன்றவில்லை பார்.

சனிக்கிழமை லீவு என்பதால் இங்கே கூண்டை இறக்கி வைப்பது முகுந்தன்தான். எனக்கு இப்போது குனிய முடிவதில்லை.

அன்புடன்,
அக்கா


பண்டமாரான்
18 ஜூலை 2025, வெள்ளி இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு இடது முட்டி வீங்கியிருக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு ஒன்றுமில்லை என்கிறார். போதுமா?

காசு சேர்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, மாடி மாடியாக ஏறிப் பழைய பேப்பரும் டின்னும் வாங்குகிறேன். தங்கமணி ஆன்டியின் ஸ்டோர் ரூமில் கட்டி வைத்து, பழைய பேப்பர் வாங்கும் லோரி வரும்போது எடைக்குப் போடுகிறோம். இதோடு நாலு பூனைகள் ஆகின்றன. மிச்சம் இரண்டு.

ஆனால் அக்கா, ஒரு தப்பு நடந்துவிட்டது. மூன்றாவது மாடி புனிதா ஆன்டி கதவைத் திறந்ததும், “சர்ச்சுக்கா, பாப்பா?” என்று கேட்டார். பூனைக்கு என்று சொன்னால் அப்பா காதுக்குப் போய்விடும் என்று தலையை ஆட்டிவிட்டேன். அவர் உள்ளே போய்ப் பெரிய கட்டு கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுத்தார். இப்போது எல்லா வீட்டிலும் நான் போவதற்கு முன்பே சர்ச்சுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நேற்று அப்பா என் பள்ளிச் சீருடையில் ஒட்டியிருந்த மஞ்சள் மயிரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக ஊதிவிட்டார். நான் உடனே சீருடையைத் துவைக்கப் போட்டேன்.

அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று புரியவில்லை. நம் வீட்டுப் பேப்பரைக் கட்டிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, “குப்ப சேருது,” என்கிறார்.

விவியன்


பிரிக்பீல்ட்ஸ்
19 ஜூலை 2025

விவியன்,

உன் மேல் கோபமாக இருக்கிறேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கை எண்ணுகிறவர். அவர் மகள் சர்ச் பெயரைச் சொல்லிப் பேப்பர் வாங்கி விற்றாள் என்று வெளியே வந்தால், ஊர் உன்னையா கேட்கும்? அவரைத்தான் கேட்கும். அவர் செய்தது எனக்கு எவ்வளவு வலித்தாலும், அவர் மேல் இப்படி ஒரு பேச்சு வருவதை என்னால் தாங்க முடியாது.

இனி ஒரு கட்டுக்கூட அந்தப் பெயரில் வாங்காதே. எல்லா வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்.

குறைகிற காசை டின்னிலிருந்து நான் போடுகிறேன்.

பெண் பூனை சுலபத்தில் கூண்டில் ஏறாது. பிஸ்கட் வைக்காதே. பொரித்த மீன் வை.

அக்கா


பண்டமாரான்
8 ஆகஸ்ட் 2025, வெள்ளி இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னதை உடனே செய்திருக்க வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்ததும் புனிதா ஆன்டி எல்லோர் முன்னாலும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். “ரபேல் அண்ணே, உங்க விவியன் சர்ச்சுக்குப் பேப்பர் சேக்குதே, தங்கமான பிள்ள லா!” பக்கத்திலேயே இளைஞர் குழுத் தலைவர் கென்னத் நின்றிருந்தார். “நாங்க அப்படி ஒண்ணும் செய்யலியே, அங்கிள்,” என்றார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்கிறாய்.

நேராகக் காரை வீட்டுக்கு விட்டார். வீட்டில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, “எந்தச் சர்ச்சுக்கு?” என்று மட்டும் கேட்டார். “பூனைக்கு,” என்றேன். “எல்லா வீட்டுக்கும் போய் அதச் சொல்லிட்டு வா,” என்றார். போனேன். ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னேன். யாரும் பேப்பரைத் திருப்பிக் கேட்கவில்லை. புனிதா ஆன்டி மட்டும் பாதியிலேயே கதவைச் சாத்தினார்.

அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுகிறார், எழுந்து போகிறார். அக்கா, நீ போவதற்கு முன்னால் உன்னோடும் இப்படித்தான் பேசாமல் இருந்தார். நாளைக்கு என்னையும் போகச் சொல்லிவிடுவாரோ? எனக்கு எங்கே போவது என்றுகூடத் தெரியாது.

ஐந்து பூனைகள் முடிந்துவிட்டன. கறுப்பி மட்டும் பாக்கி. அப்பாவின் மோட்டார் சைக்கிள் சீட்டில் தூங்குமே, அவர் தினமும் கை தட்டி விரட்டுவாரே, அதுதான். காசு இருக்கிறது. பூனைதான் ஏறவில்லை. திங்கட்கிழமை லோரி வருகிறது. நாளைக் காலை வேனை விட்டால் வேறு வழியில்லை. கையில் இருந்த பிஸ்கட்டைத்தான் வைத்தேன். மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. இன்று வீட்டில் கெம்போங் மீன் பொரித்தார்கள். ஆனால் மீன் தலை அப்பாவுக்கு என்பது உனக்குத் தெரியும். அவர் தட்டிலிருந்து நான் எப்படி எடுப்பேன்?

இன்னொன்று. கறுப்பி வந்தாலும் வராவிட்டாலும் இதுதான் கடைசிக் கூண்டு. இதற்குப் பிறகு எதன் அடியில் கடிதம் வைப்பது? அதனால் இப்போதே கேட்கிறேன். குனிய முடியவில்லை என்று எழுதினாயே. உனக்குக் குழந்தையா? அம்மாவிடம் கேட்க முடியாமல் ஒரு மாதமாக நானே மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். டிவி போடவில்லை. இதைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து மேசையிலேயே விட்டுவிட்டு, விடிவதற்கு முன்னால் எழுந்து கீழே கொண்டுபோய்

செருப்புச் சத்தம் கேட்கிறது


பிரிக்பீல்ட்ஸ்
9 ஆகஸ்ட் 2025, சனி

என் விவியன் குட்டிக்கு,

காலையில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, கடிதத்தைக் காணோம் என்று நீ எவ்வளவு பயந்திருப்பாய். பயப்படாதே. அது என்னிடம் இருக்கிறது.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். கேள்.

கூண்டைத் திறந்ததும் கறுப்பி சீறியது. முகுந்தன் அதை வேறு கூண்டுக்கு மாற்றினான். பிறகு நான் பேப்பரை எடுக்கப் போனேன். எடுக்கவே மனம் வரவில்லை. நாலு மூலையும் கடித உறை மாதிரி மடித்து உள்ளே சொருகியிருந்தது. மேலே ஒரு மீன் தலை, பாதி தின்றது. அடியில் உன் கடிதம், தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டும் பிளாஸ்டிக் பைக்குள். வாயைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. ஓர் எழுத்துகூட நனையவில்லை.

நான் யார் என்று சொல்லி, கூண்டை யார் கொடுத்தது என்று நாகையா அங்கிளிடம் கேட்டேன். “தங்கமணி இல்லம்மா. உங்கப்பாதான் தூக்கிட்டு வந்தாரு,” என்றார். “கையெல்லாம் கீறல். என்னா ரபேல், பூனையோட குஸ்தியான்னு கேட்டேன். வேன் கதவச் சாத்தறப்ப, ‘மெதுவா ஓட்டு,’ன்னு மட்டும் சொன்னாரு.”

அவர் கடிதத்தைப் படித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நீயும் கேட்காதே. கையில் மருந்து போட்டாரா என்று மட்டும் பார். பூனை நகம் பட்டது, விட்டால் சீழ் வைக்கும்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம். ஏழாவது மாதம்.

கறுப்பியின் வயிற்றில் குட்டி இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடது காதில் நுனி வெட்டியாகிவிட்டது. தையல் காய, செவ்வாய் வரை இங்கேயே இருக்கட்டும். லோரி வந்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் கடிதத்தைப் பேப்பருக்கு அடியில் வைக்கவில்லை. உறையில் போட்டு, நம் வீட்டு நம்பரை எழுதி, நாகையா அங்கிள் கையிலேயே கொடுக்கிறேன். யார் கதவைத் திறந்தாலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கறுப்பியை நானே கொண்டு வருகிறேன். முகுந்தனுக்கு அன்று வேலை. அதனால் கீழே யாராவது வந்து நில்லுங்கள். கூண்டு கனம், என்னால் தூக்க முடியாது.

அன்புடன்,
செசிலியா