நோட்டில் குறிக்காத அரைச் சுற்று

போன வாரம் தேனியில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ கண்ணை மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. உன் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அசிட்டோன் வாடை மூக்கில் ஏறியதும் நம் ஆய்வுக்கூடம்தான் ஞாபகம் வந்தது. வைரங்களை அதில்தானே துடைப்போம்.

அங்கே சேர்ந்த முதல் நாள் நீ யாரிடமோ "இங்கன வைக்கவா?" என்று கேட்டதுமே நம்ம பக்கத்து ஆள் என்று கண்டுகொண்டேன். நீ மார்க்கையன்கோட்டை, நான் சுருளிப்பட்டி. அவ்வளவு தூரம் போய் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மயிரிழையைவிடச் சின்ன இரும்புத் துணுக்கை இரண்டு வைரமுனைகளுக்கு நடுவே வைத்து நசுக்கினோம். பாறைக் கோள்களின் நடுவில் இருக்கும் அழுத்தத்தை அங்கே வரவழைத்து, லேசரால் சுட்டு, இரும்பு எப்போது உருகுகிறது என்று பார்க்க வேண்டும். உருகின இரும்பு புரண்டுகொண்டிருந்தால்தான் கோளுக்குக் காந்தப் புலம். வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களுக்கும் அது உண்டா என்று நீ ஓயாமல் கணக்குப் போடுவாய். "யாரும் போக முடியாத எடத்த மேசமேல கொண்டாந்துட்டோம்டி" என்பாய். உனக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

வைரங்களை அழுத்தும் திருகாணியைக் கால் சுற்று திருகி, நோட்டில் குறித்து, அழுத்தம் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கும் பொறுமைக்கும்தான் ஆகாதே. அன்று நீ டீ வாங்கப் போன நேரத்தில் அரைச் சுற்று கூடுதலாகத் திருகிவிட்டேன். குறிக்கவில்லை. நீ வந்து, நோட்டைப் பார்த்து, உன் கால் சுற்றைத் திருகினாய். டிக் என்று ஒரு சத்தம். வைரம் போச்சு. பல மாதம் காத்திருந்து கிடைத்த லேசர் நேரமும் போச்சு. நீ உன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாய். "எங் கை ஆகாதுடி. நம்ம கைடு சார் எம்புட்டு நம்பிக் குடுத்தாக" என்றாய். நான் நோட்டை மூடி வைத்தேன்.

அந்தக் கோடையிலேயே ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்துவிட்டாய். முதலில் பயத்தில் சொல்லாமல் இருந்தேன். பிறகு சொல்லாமல் இருப்பதே பழகிவிட்டது. அதே ஆய்வை அடுத்த ஆண்டு நான் தனியாக முடித்தேன். கட்டுரை வந்ததும் முதலில் போன் செய்து வாழ்த்தியது நீதான். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

உன் மகளிடம் உன்னைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "அம்மா எதையும் இறுக்கித் திருக மாட்டாக சித்தி. ஊறுகா பாட்டிலக்கூட அப்பாதான் மூடணும். அவுக கை பட்டா ஒடைஞ்சிருமாம்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நடந்ததை அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கையிலிருந்த பஞ்சை உருட்டி ஓரமாக வைத்தாள்.

"இத அம்மாகிட்டல்ல சித்தி சொல்லியிருக்கணும்?"

கம்பம் பஸ்ஸில் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். உன் கை நல்ல கை என்று ஒரே ஒரு வார்த்தை. அதை இனி எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?