சாக்கடை என்று நாங்களே சொன்னோம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? இங்கே அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லாம் நலம். இவள் பேனா பிடித்து எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனில் அனுப்பினால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் பஸ் டிரைவர் மாமா கையில் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. நம் வீட்டுக்குப் பின்னால் மீன்கொத்தி கூடு வைத்திருக்கிறது அண்ணா! அங்கே ஓடும் தண்ணீரின் கரை மண்ணில் வளை தோண்டி! வீடியோ வீடியோவாகப் பார்த்துப் பறவை படித்தவள் நான். நேரில் பார்த்ததும் போட்ட கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "பாம்பாடி?" என்றாள். "மீன்கொத்திம்மா!" என்றேன். உள்ளே குஞ்சுகளின் சத்தம் கேட்கிறது.

கெட்ட செய்தி, அந்தத் தண்ணீரையே கான்கிரீட் போட்டு மூடி, மேலே வண்டி நிறுத்தப் போகிறார்கள். நகராட்சிக் கூட்டத்துக்குத் தெருவே திரண்டு போய், கூடாது என்றோம். இன்ஜினியர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "சரி, அந்தத் தண்ணிய நீங்க என்னன்னு சொல்வீங்க?" என்று மட்டும் கேட்டார். மொத்தக் கூட்டமும் ஒரே குரலில், "சாக்கடை!" அப்பா குரல்தான் ஓங்கிக் கேட்டது. "சாக்கடையத்தானே மூடுறோம்?" என்றார் அவர்.

பிறந்ததிலிருந்து அப்படித்தானே கூப்பிடுகிறோம்? அப்படிக் கூப்பிட்டுத்தானே குப்பையையும் கொட்டினோம்? கரையோடு மேலே நடந்து போய்ப் பார்த்தேன் அண்ணா. குன்றிலிருந்து வருகிறது, அடியில் கூழாங்கல் தெரிகிறது. அது ஓடை.

அடுத்த கூட்டத்தில், ஓடையை மூடச் சட்டம் விடாது என்று எழுந்து கத்தினேன். "படத்துல என்ன இருக்கோ அதாம்மா" என்று இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். நீலக் கோட்டின் மேல் 'சாக்கடை'. கீழே, வரைந்தவர் என்ற இடத்தில், உன் பெயர்.

அப்பா கண்ணாடி எடுத்து வரவில்லை. "யாரும்மா அந்தப் புண்ணியவான்?" என்றார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீயாக எழுதினாயா, எழுத வைத்தார்களா என்று நான் கேட்கப் போவதில்லை. வரைந்தவரே திருத்திக் கொடுத்தால் ஏற்பார்களாம், திங்கட்கிழமைக்குள். உன் வேலையில்தான் இந்த வீடு நடக்கிறது, அதுவும் தெரியும். ஆனால் செவ்வாய்க்கிழமை அப்பா நகராட்சிக்குப் போகிறார், அந்தப் பெயரைப் பார்த்தே தீருவாராம். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

அவர் அந்தப் படத்தைப் பார்க்கும்போது, "என் பையன் வரைஞ்சது" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்ல வேண்டும் அண்ணா. நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள்.

எது நடந்தாலும் உன் பக்கம் நிற்கும்,
தங்கை